கைப்பேசியில் வந்த கண்டம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தைப்பூசம் முடிந்த வாரம் நடந்தது இது. காரைக்குடி செக்காலை ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. கணவர் தண்ணீர் மோட்டார் விற்பதும் பழுது பார்ப்பதுமாக ஒரு கடை வைத்திருக்கிறார். நான் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரே மகன் கோவையில் வேலை பார்க்கிறான். அறிவியல் டீச்சர் என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் நான் அடித்த கூத்தில் பாதி அந்தத் திமிரில் அடித்ததுதான்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். விவசாயக் குடும்பம். என் மாமனாரை நான் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பில் உட்கார்ந்தாராம், அப்படியே சாய்ந்துவிட்டாராம். அவருடைய அண்ணன் அதற்கு முன்பே, ஐம்பது வயதில், கண்மாயில் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டைக் கொடியில் போட்டவர், அதற்கப்புறம் பேசவே இல்லை. எங்களுக்குப் பொருத்தம் பார்த்தபோது ஜோசியர் என் அப்பாவிடம், மாப்பிள்ளைக்கு ஐம்பத்திரண்டில் ஒரு கண்டம் இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் எண்பது வரை பயமில்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஐம்பத்திரண்டு என்பது அடுத்த ஜென்மத்துச் சங்கதியாகத் தெரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கண்டத்தை வைத்து நான் செய்த கேலிக்கு அளவே இல்லை. அவருக்குச் சளி பிடித்தால், கண்டம் வந்துவிட்டதா என்று கேட்பேன். கடையில் ஷாக் அடித்தது என்று வந்து சொன்னால், இன்னும் வருஷம் இருக்கிறது, இப்போது ஒன்றும் ஆகாது என்பேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, மனுஷன் என்னோடு சேர்ந்து திருந்திவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரைக்குடியில் கிளம்பி குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று வெறுங்காலோடு நாள் கணக்கில் நடப்பார்கள். இவரும் ஐந்தாறு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருஷம் மாலை போட்டபோது ஆள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார். வேண்டுதல் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, காவித் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். ஐம்பத்திரண்டு பிறக்க இன்னும் மூன்று மாதம்கூட இல்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் நானும் என் பங்குக்கு ஒரு ஏற்பாடு செய்தேன்.

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு பரிசோதனை நிலையத்தார் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். முழு உடல் பரிசோதனை. இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் அளந்து, எந்த நோய் வர வாய்ப்பு இருக்கிறது, உங்கள் உடம்பின் உண்மையான வயது என்ன என்று சொல்லிவிடுவார்களாம். நீண்ட ஆயுளுக்கு முதல் படி என்று போட்டிருந்தது. ஜோசியத்துக்குப் பதில் அறிவியல் என்று எனக்குப் பரம சந்தோஷம். எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

அவர் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பழனியிலிருந்து வந்து இறங்கினார். கால் இரண்டும் வீங்கிப் போய், பாதம் முழுக்கக் கொப்புளம். தரையில் குதிகாலை ஊன்ற முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் ரத்தம் எடுக்கும் பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் தயங்கினார்.

"கால் வீக்கம் வத்தட்டும்த்தா. அடுத்த வாரம் பாத்துக்குருவோமே."

"ரத்தம் என்ன கால்லயா எடுக்கப் போறாக? கையிலதான எடுக்குறாக. சும்மா நீட்டுங்க."

அந்தப் பெண்ணும் சிரித்தாள். சர்க்கரை மாத்திரை உண்டா, பிரஷர் மாத்திரை உண்டா, சிகரெட், குடி உண்டா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று வரிசையாகக் கேட்டுக் கட்டம் கட்டமாக டிக் போட்டாள். துணி சுற்றிய இரண்டு பாதம் அவள் கண்ணெதிரில்தான் ஸ்டூல் மேல் இருந்தது. அதைப் பற்றிக் கேட்க அவளுடைய தாளில் கட்டம் இல்லை. கைப்பேசி எண் கேட்டபோது என்னுடையதைக் கொடுத்தேன். அவர் போனை எடுக்கிற ஆள் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மதியத்துக்கு மேல் வகுப்பில் இருந்தேன். பிள்ளைகள் பாடத்துக்குப் பின்னால் உள்ள கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். முதலில் என் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் பச்சை. ஏதோ ஒரு வைட்டமின் மட்டும் குறைவு. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியது போல ஒரு பெருமிதம் எனக்கு. இரண்டு நிமிஷம் கழித்து அவருடையது வந்தது.

பத்தொன்பது பக்கம். முதல் பக்கத்தில் ஒரு மனுஷ உருவம் வரைந்து, உள்ளுறுப்புகளுக்கு வண்ணம் கொடுத்திருந்தார்கள். இதயம் சிவப்பு. கல்லீரல் சிவப்பு. சிறுநீரகம் சிவப்பு. கீழே பெரிய எழுத்தில் வயது 51, உடலின் வயது 66 என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், இதய நோய் அபாயம் மிக அதிகம், உடனே மருத்துவரை அணுகவும் என்று ஒரு வரி.

கையில் சாக்பீஸ் இருந்தது, அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மணி அடித்துவிட்டது டீச்சர் என்று முன் பெஞ்சுப் பெண் மூன்று தடவை சொன்ன பிறகுதான் எழுந்தேன். ஆசிரியர் அறைக்குப் போகப் பயமாக இருந்தது, யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டால் அழுதுவிடுவேன். அறிவியல் ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பாக இருந்த பெயர்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போனில் தேடினேன்.

சி.பி.கே. என்று ஒன்று. இருக்க வேண்டிய அளவைப்போல இருபது மடங்கு இருந்தது. இதயத் தசை சேதமானால் இது கூடும் என்று வந்தது. எஸ்.ஜி.ஓ.டி. கூடியிருந்தது. மாரடைப்பிலும் கூடும், கல்லீரல் கெட்டாலும் கூடும் என்று வந்தது. கிரியேட்டினின் கூடினால் சிறுநீரகம் போகிறது என்று வந்தது. சிறுநீரில் ரத்தம். உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற அளவு உச்சத்தில். எதைத் தொட்டாலும் அது கடைசியில் சாவில் போய் நின்றது. கல்லீரலும் சிறுநீரகமும் நான் வருஷா வருஷம் படம் போட்டு நடத்துகிற பாடம். அந்த அரைகுறை அறிவு இருக்கிறதே, அது ஒன்றும் தெரியாதவர்களுக்கு வராத பயத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது.

வீட்டுக்கு வந்தால், மனுஷன் பிளாஸ்டிக் வாளியில் உப்பு வெந்நீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு, டிவியில் ஏதோ காமெடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை எத்தனையோ திட்டியிருக்கிறேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.

ஏன் மறைத்தேன் என்றால், எனக்கு அவரைத் தெரியும். கண்டத்தை நம்புகிற ஆள். இந்தச் சிவப்பு உருவத்தைப் பார்த்தால் நோயில் போகிறாரோ இல்லையோ, பயத்தில் போய்விடுவார் என்று நினைத்தேன். முதலில் நான் தனியாக ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்று திட்டம். நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற லேடி டாக்டர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார், செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. யாராவது ஒருவர் அந்தக் காகிதத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்தேன். பேசிய பையன் மரியாதையாக, இன்னும் பெரிய பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள் மேடம் என்றான்.

அந்த நான்கு நாளை எப்படி ஓட்டினேன் என்பது எனக்கே தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவர் இருமினால் எனக்குத் தூக்கிப்போட்டது. குளியலறையில் ஐந்து நிமிஷம் கூடுதலாக இருந்தால், சோப்பு இருக்கிறதா, துண்டு இருக்கிறதா என்று ஏதாவது கேட்டுக் குரல் வருகிறதா என்று பார்த்தேன். பழனிக்குப் போய்விட்டு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி கட்டாயம் உண்டு, ஒரு மாசமாக விரதம் இருந்த நாக்கு அதற்காகக் காத்துக்கிடக்கும். நான் எண்ணெய் இல்லாமல் புடலங்காய்க் கூட்டு வைத்தேன். மனுஷன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட்டார்.

அன்று மத்தியானம் அவர் கண் அசந்த நேரத்தில், பீரோவைத் திறந்து அவருடைய ஜாதக நோட்டை எடுத்தேன். இருபத்து நான்கு வருஷத்தில் நான் அதைத் தொட்டதில்லை. ஐம்பத்திரண்டாம் வயது என்று எழுதியிருந்த பக்கத்தைக் கண்டுபிடித்து, ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் போனுமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதில் கண்டம், இதில் அபாயம். அதில் கட்டம், இதிலும் கட்டம். பிறந்தநாளுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் என்று விரல் விட்டு எண்ணினேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டேன். என்னிடம் படித்த பிள்ளை ஒன்று அங்கே என்னைப் பார்த்து வணக்கம் சொன்னது. எனக்குக் கூசியது, ஆனாலும் விளக்கை அணைக்கவில்லை.

திங்கள்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"என்னத்தா, நாலு நாளா என்னைய ஒரு வார்த்த வையலயே. எனக்கென்னமோ பயமா இருக்கு."

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். மோர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பேச வேண்டும் என்று என் போனை எடுத்தவர், அந்தச் சிவப்பு உருவத்தைப் பார்த்துவிட்டார். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்று, அறுபத்தாறு என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் அழவில்லை, பயந்த மாதிரியும் தெரியவில்லை. ஏதோ எதிர்பார்த்திருந்த கடிதம் வந்துசேர்ந்தது போல, சரி, சாயங்காலம் டாக்டரம்மாவைப் பார்ப்போம் என்றார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

டாக்டருக்கு எங்களைவிட வயது குறைவு. சிடுசிடுப்பும் கிடையாது, குழைவும் கிடையாது. ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொண்டு போயிருந்தோம். அதை நான் நீட்டினேன். அவர் வாங்கி மேஜைமேல் வைத்தார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. இவர் விந்தி விந்தி வந்து உட்கார்ந்ததைத்தான் பார்த்தார். காலில் என்ன என்று கேட்டார். பழனிக்கு நடந்தேன் என்றார் இவர். என்றைக்குத் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டார். போன செவ்வாய் என்றார். ரத்தம் என்றைக்குக் கொடுத்தீர்கள்? வியாழக்கிழமை. டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டே என் பக்கம் திரும்பி, நீங்கள் என்னம்மா வேலை பார்க்கிறீர்கள் என்றார். அறிவியல் டீச்சர் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, சிரிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பழக்கமில்லாத உடம்பு இத்தனை நாள் வெறுங்காலோடு நடந்தால் காலில் உள்ள தசை நைந்து, அதிலிருந்து வருவதுதான் இந்த சி.பி.கே. என்று சொல்லி அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'நடை' என்று தமிழில் எழுதினார். எஸ்.ஜி.ஓ.டி.யும் பெரும்பாலும் அந்தத் தசையிலிருந்துதான், கல்லீரலிலிருந்து இல்லை, அதுவும் நடை. கிரியேட்டினின், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்தது. சிறுநீரில் ரத்தம், நடை. சி.ஆர்.பி., பாதத்தில் இத்தனை கொப்புளத்தை வைத்துக்கொண்டு அது கூடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எல்லாவற்றையும் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றார். அந்த அறுபத்தாறைக் காட்டி, இது என்ன டாக்டர் என்று கேட்டேன்.

"இந்த நம்பரையெல்லாம் கூட்டி மிஷின் போட்ட கணக்கும்மா. அது அளந்தது இவர் வயசை இல்ல, பழனிக்கு உள்ள தூரத்தை."

எனக்கு ஓவென்று சிரிக்க வேண்டும் போல இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் கறி வாங்க வேண்டும் என்றுகூட மனசு ஓடியது. இவரும் எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தார்.

டாக்டர் உட்காருங்கள் என்றார். பதினான்காம் பக்கத்தில் நின்றிருந்தார். அங்கே லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு வரி. அதுவும் சிவப்புதான். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது, பாடத்திலும் கிடையாது, முன் பக்கங்களிலேயே அரண்டுபோய் அதுவரைக்கும் வராததால் நான் தேடிப் பார்க்காமல் விட்ட ஒன்று அதுதான். அவர் அதன்மேல் கோடு போடவில்லை. சுற்றி வட்டம் போட்டார். இது கொழுப்பில் ஒரு வகை, இந்த அளவுக்கு ஏறி நிற்பதற்கு நடையைச் சொல்ல முடியாது, சாப்பாட்டையும் சொல்ல முடியாது, பெற்றவர்களிடமிருந்து வருவது என்றார். அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இவர் வரப்பைச் சொன்னார். பெரியப்பாவின் ஈரத்துண்டைச் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நடக்கும்போது நெஞ்சில் ஏதாவது செய்ததா என்று கேட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ செத்த வெளிய இரு."

நான் போக மாட்டேன் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னார்.

"நத்தம் தாண்டி ஒரு ஏத்தம் வரும்ல, அங்கன வச்சு நெஞ்சு மேல ஆரோ உக்காந்த மாதிரி இருந்துச்சு. நின்னாச் சரியாப் போயிரும். நடந்தா மறுபடியும் வரும். மலையில படி ஏறுறப்ப ரெண்டு தடவ."

கூட வந்தவர்கள் வாயு என்று சொல்லி ஓம வாட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது என்று அவர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதற்கு முன்பும், மார்கழியிலேயே, கடை ஷட்டரைத் தூக்கும்போது ஒருமுறை வந்திருக்கிறதாம். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், அல்லது கேட்டதாக நினைக்கிறேன்.

"சொன்னா நீ சிரிப்ப."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னார். வாழ்க்கையில் நான் வாங்கிய அடிகளில் அதைவிடப் பெரியது கிடையாது. இருபத்து நான்கு வருஷமாக, கண்டம் வந்துவிட்டதா, கண்டம் வந்துவிட்டதா என்று கேட்டவள் நான். உண்மையில் வந்தபோது அவர் அதை நத்தம் தாண்டிய ஏற்றத்தில் நின்று தனியாகப் பார்த்திருக்கிறார்.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இதை நம்பி நான் உங்களைச் சும்மா அனுப்ப மாட்டேன் என்று சொல்லி, அங்கேயே இரண்டு மாத்திரையைப் போட வைத்தார். இன்னொன்றைக் கொடுத்து, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். மாடி ஏறக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, காலையில் முதல் வேலையாக மதுரைக்குப் போங்கள் என்று கடிதம் எழுதினார்.

திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்கு அன்றைக்குப் போன தூரத்தை என்னால் மறக்க முடியாது. வாடகைக் காரில் நான் அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். டிரைவர் பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லை. அந்தச் சின்ன மாத்திரை என் இன்னொரு கையில் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது. முந்தின நான்கு நாளும் இல்லாத நோய்க்குப் பயந்து நடுங்கியவள் நான். இப்போது இருக்கிற நோய் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கண்மாயை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறது. அந்தப் பயம் கத்துகிற பயம். இது சத்தமே போடாத பயம், மூச்சைக்கூட அளந்து விட வைத்தது. மேலூர் தாண்டியதும் அவர் திடீரென்று, ஜாதக நோட்டை எடுத்துப் பார்த்தாயா, பீரோவில் இடம் மாறி இருந்தது என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் என் கையை ஒருமுறை அழுத்தினார். கேலி செய்யவில்லை.

மதுரையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சிவப்பாக இருந்தவற்றில் பாதிக்கு மேல் இறங்கிப் போயிருந்தன. அந்தப் பதினான்காம் பக்கத்து வரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுநாள் ஆஞ்சியோகிராம். இதயத்துக்கு முன்பக்கம் இறங்குகிற பெரிய ரத்தக் குழாயில், நூல் நுழைகிற அளவு வழிதான் மிச்சம் இருந்தது. என்னைக் கூப்பிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த இடத்தைக் காட்டினார்கள். உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடும்போது என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன், நர்ஸ் சொல்லித் திருத்தினேன்.

கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்த நேரம் ஒரு மணிக்கும் குறைவுதான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது நேரமாகவே படவில்லை. சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. அவரை வீட்டில் நான் கேலி செய்த ஒவ்வொரு தடவையும் வரிசையாக வந்தது. அப்போதெல்லாம் அவர் சிரித்த சிரிப்பு வந்தது. அது நான் நினைத்த சிரிப்பு இல்லை என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. மகன் கோவையிலிருந்து பஸ் பிடித்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அவன் முகம் அப்படியே அவன் அப்பா முகம். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு பயம் பிறந்தது.

அவர் பிழைத்துவிட்டார். ஐம்பத்திரண்டு பிறந்தது, போனது. இப்போது ஐம்பத்து நான்கு நடக்கிறது. ஷட்டரைக் கடைப் பையன்கள் தூக்குகிறார்கள். பழனிக்கு பஸ்ஸில் போய், இழுவை ரயிலில் ஏறிக் கும்பிட்டுவிட்டு வருகிறார். ஜோசியர் சொன்னது சரியாகிவிட்டது பார்த்தாயா என்று சொந்தக்காரர்கள் என்னிடம் சொல்வதுண்டு. நான் வாதாடுவதில்லை. பரிசோதனை நிலையத்தை நான் குறை சொல்வதும் இல்லை. எத்தனை பொய்ச் சிவப்புக்கு நடுவில் இருந்தாலும், அந்த ஒரு வரியை அந்தக் காகிதம் ஒளிக்காமல் சொன்னது. ஒளித்தது நாங்கள் இரண்டு பேரும்தான். நான் அவருக்கு ரிப்போர்ட்டை ஒளித்தேன், அவர் எனக்கு வலியை ஒளித்தார், இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கு நாளில்.

மகனுக்கும் அந்த ஒன்றை மட்டும் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். இந்தத் தடவை, முந்தின வாரம் எங்கே போனான், என்ன செய்தான், காய்ச்சல் வந்ததா என்று அவனைக் குடைந்து கேட்ட பிறகுதான் அனுப்பினேன். முடிவு வந்தபோது மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். அவனுக்கும் கூடுதல்தான். இதைக் குறைக்க நேரடியாக மாத்திரை என்று இப்போதைக்கு எதுவும் தர முடியாது, மற்ற கொழுப்பு, பிரஷர், எடை எதையும் ஏற விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வருஷம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். இருபத்திரண்டு வயதில் அவனுக்கு அது தெரிந்துவிட்டது. அவன் தாத்தாவுக்கு அது கடைசி வரை தெரியாது.

போன மாசம் ஒரு நாள் காலையில் கோவையிலிருந்து போன் செய்தான். அம்மா, மாடி ஏறும்போது நெஞ்சில் ஒரு மாதிரி இருந்தது, ஒன்றும் இருக்காதுதான், ஆனாலும் சொல்கிறேன் என்றான். எப்போதிலிருந்து, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டு, அன்றைக்கே அங்கே ஒரு டாக்டரைப் பார்க்க வைத்தோம். ஒன்றும் இல்லை, உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாக எடை தூக்கியதில் தசை பிடித்திருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்க எனக்கும் அவருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் வரை ஒன்றையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம், பிள்ளை நம்மிடம் சொன்னானே என்று. பயம் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் அதை இப்போது யாரும் தனியாக வைத்துக்கொண்டு தவிப்பதில்லை.